ஆள் வர்ற சத்தம்

ஏனுங்க தம்பி, அந்தக் காதுல சொருகியிருக்கறத சித்தெ கழட்டுங்க. ஆமாங்க, உங்களத்தான் கேக்கறன். இந்தச் சாக்கு உங்க முட்டியில இடிக்குதுங்களா? இடிச்சாச் சொல்லிப்போடுங்க, திருப்பி வெச்சுக்கறன். கீழ வெக்கலாமுங்க, கண்டக்டரும் அதையேதான் சொன்னாரு. மனசு வரமாட்டேங்குது. எவனாவது மிதிச்சுப்போட்டா என்ன பண்றது?

அட, கொழந்தையெல்லாம் இல்லீங்க! ஆத்துப்பாலத்துல ஏறுன அந்த அம்மாவும் அப்படித்தான் கேட்டுச்சு, “பாப்பாவுக்கு மூச்சு முட்டப் போவுதுங்க, தலைப்பக்கம் தொறந்து விடுங்க”ன்னு. சைலன்சருங்க இது. புல்லட்டு சைலன்சர். தொட்டுப் பாருங்க. சும்மா தொடுங்க, இன்னைக்குச் சுடாது.

நீங்க என்ன வண்டிங்க வெச்சிருக்கீங்க? புல்லட்டா? பாத்தீங்களா, ஆளப் பாத்ததுமே நெனச்சனுங்க. கம்பெனியில குடுத்த சைலன்சரேதான் போட்டு ஓட்டறீங்களா? அப்ப நீங்க இதக் கேட்டே தீரோணும். நான் எறங்கறது கரட்டுவலசு பிரிவு. இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. காது குத்துக்குப் போறனுங்க, தங்கச்சி புள்ளைக்கு. தாய்மாமன் நாந்தான். என்ற மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். உக்கார வெப்பாங்களா மாட்டாங்களாங்கறது இந்தச் சைலன்சர் கையில இருக்குதுங்க. சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றன்.

என்ற பேரு நாச்சிமுத்து. பால் கம்பெனியில சூப்பர்வைசர். ஒம்போது ஊரு எனக்கு. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு பால் சென்டர் இருக்கும். ஊர்க்காரங்க வெடியால பால் கொண்டாந்து ஊத்துவாங்க. சென்டர்க்காரரு கேன்ல புடிச்சு வெப்பாரு. அப்பறமா பால் வண்டி வந்து கேன எடுத்துட்டுப் போவும். அந்த வண்டி வர்றதுக்கு முன்னால நான் போயி டிகிரி பாக்கோணும். லேக்டோமீட்டருன்னு ஒரு கண்ணாடிக் குச்சிங்க. நல்ல பால்ல விட்டா நின்னு மெதக்கும், இருபத்தெட்டுக் காட்டும். தண்ணி கலந்திருந்துச்சுன்னா முங்கும், இருபத்திரெண்டு இருபத்தொண்ணுன்னு காட்டும். குச்சி பொய் சொல்லாதுங்க. மனுசந்தான் சொல்லுவான்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி என்கிட்ட ஒரு பழைய மொபெட்டு இருந்துச்சு. எனக்கு ஒரு பழக்கமுங்க, எறக்கம் வந்துச்சுன்னா இஞ்சின நிறுத்திருவன். பெட்ரோலு மிச்சமாகுமில்ல. எங்க பக்கம் ரோடெல்லாம் மேட்டுல இருக்கும், ஊரு பள்ளத்துல இருக்கும். அதனால எந்த ஊருக்குள்ள நொழைஞ்சாலும் வண்டியில சத்தமே இருக்காது. நேரா சென்டர் வாசல்ல போயி நின்னு “என்னங்க”ம்பன். அவ்வளவுதான். ஒருத்தன் ஓஸ் பைப்போட நிப்பான், ஒருத்தன் தண்ணிக் கொடத்தோட நிப்பான். மாசத்துக்குப் பத்துக் கேனு, பன்னெண்டு கேனு திருப்பி அனுப்பியிருக்கறன். அதுக்காவ எனக்கு அவிங்க வெச்ச பேரு என்ன தெரியுங்களா? பூனை.

பூனைங்க. நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளை, மீசை வெச்சிருக்கறவன், அவனப் போயிப் பூனைங்கறது. ஊர்ப் பொம்பளைங்க கூட என்னயப் பாத்தா முந்தானைய வாயில வெச்சுச் சிரிப்பாங்க. ஒரு நாளு நொச்சிவலசுல யாரோ செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து “மியாவ்”ன்னு கத்துனானுங்க. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலைங்க.

இதுல என்ற தங்கச்சி மாப்பிள்ளை ஒருத்தரு இருக்கறாரு. அப்புக்குட்டின்னு பேரு. அவருதான் அந்தப் பால் வண்டி டிரைவர். நாந்தான் கம்பெனியில சொல்லிச் சேத்து விட்டன். ஆனா பாருங்க, அவரு வண்டி பெருசு, ஹாரனும் பெருசு. ஊர் எல்லையிலயே பாம்ம்முன்னு ஒரு அடி அடிப்பாரு. ஊரே “அப்புக்குட்டி வந்தாச்சு, அப்புக்குட்டி வந்தாச்சு”ன்னு ஓடியாரும். ஒருத்தரு மோர் குடுப்பாரு, ஒருத்தரு கொய்யாக்கா குடுப்பாரு. நான் அதுக்கு முன்னாலயே வந்து அரை மணி நேரமா நின்னுட்டிருப்பன். எனக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளிருக்காது.

ஆலாம்புதூர் மாரியாத்தா கோயல் நோம்பியிலதானுங்க எனக்கு மனசு விட்டுப்போச்சு. ரெண்டு பேரையும் கூப்பிட்டிருந்தாங்க. அவரு ஹாரன் அடிச்சுட்டு வந்து எறங்குனாரு. தர்மகர்த்தாவே எந்திரிச்சு வந்து தோளுல துண்டு போட்டாரு. நான் பந்தியில கடைசி எலையில உக்காந்திருக்கறன். சாம்பார் வாளியத் தூக்கிட்டு வந்தவன் என்னயப் பாத்துட்டு, “நீங்க எப்பங்க வந்தீங்க?”ங்கறான். நான் வந்து ஒன்றரை மணி நேரமாச்சுங்க! தேங்கா ஒடைக்கறப்ப அவன் பக்கத்துலதான் நின்னன்!

அன்னைக்கு முடிவு பண்ணுனனுங்க. மனுசன்னா அவன் வர்றது நாலு பேருத்துக்குத் தெரியோணும். மொபெட்டத் தள்ளி விட்டுட்டு ஒரு பழைய புல்லட்டப் புடிச்சன். அதுலயும் கம்பெனி சைலன்சர்தான் இருந்துச்சு. டொப்பு டொப்புன்னு, பக்கத்தூட்டுல மாவு இடிக்கற மாதிரி ஒரு சத்தம். அதயும் எறக்கத்துல நிறுத்திருவனா, பழைய குருடி கதவத் தொறடிங்கற கணக்கா ஆயிப்போச்சு. தாராபுரத்துல சலாம் பாய் ஒர்க் ஷாப்புக்குப் போனன். “பாய், எனக்கொரு சைலன்சர் வேணும், நான் வர்றது ஊருக்கே கேக்கோணும்”னு சொன்னன்.

சலாம் பாய் கையத் தொடச்சுட்டே என்னய மேலயும் கீழயும் பாத்தாரு. “நாச்சிமுத்தண்ணே, உங்க வேலைக்கு இது எதுக்கு? உங்களுக்குச் சத்தமில்லாமப் போறதுதானே நல்லது?”ங்கறாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. மெக்கானிக்குக்கு ஸ்பேனரு புடிக்கத் தெரிஞ்சாப் போதுமுங்க. என்ற உத்தியோகத்தப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?

மூணு ஞாயித்துக்கெழம ஆச்சு, ஒண்ணப் பாத்து எடுக்கறதுக்கு. மொதல்ல ஷார்ட் பாட்டிலுன்னு ஒண்ணு, குட்டையா சோடா பாட்டிலாட்டமே இருக்கும். மாட்டி முறுக்கிப் பாத்தா படபடபடன்னு பேசுது. ஆத்திரக்காரன் பேச்சு, எனக்கு ஒத்துவராது. ரெண்டாவது டால்ஃபினு. வாலு மீனு வாலாட்டம் வெட்டியிருக்கும், பாக்க அழகு. ஆனா சத்தம் காலேஜுப் பசங்களுக்குத்தான் ஆகும். கல்யாணமாயிப் பொண்ணுக்குப் பதினேழு வயசாச்சு எனக்கு. மூணாவது ஞாயித்துக்கெழம பாய் பரண்ல இருந்து இதைய எறக்குனாரு. பஞ்சாப்புன்னு சொல்லுவாங்க. நீட்டமா, ஒரே வழவழப்பா. பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க.

மாட்டறது லேசுப்பட்ட வேலையில்ல. பழைய சைலன்சர் நட்டு துருப்புடிச்சு ஒட்டிக்கிச்சு. மண்ணெண்ணெய் ஊத்தி, தட்டி, அப்பறம் காய்ச்சித்தான் கழட்டுனாரு. புதுசக் கொண்டாந்து வெச்சா பின்னால தாங்கற பட்டை ஒரு வெரக்கடை தள்ளி நிக்குது. பட்டைய வெட்டிப் புதுசா வெல்டு வெச்சாரு. இஞ்சின்ல இருந்து வர்ற பெண்டு பைப்பு சேர்ற எடத்துல பொகை கசியாம கேஸ்கட்டு வெச்சு இறுக்குனாரு. நான் குனிஞ்சு உக்காந்து டார்ச்சு புடிச்சன். ஒண்ணுஞ்சொல்லப்படாது, பாய் வேலை தங்கமுங்க. மாட்டி முடிச்சப்பறம், “காத்து அதிகமா வெளிய போவும், அதுக்கேத்த மாதிரி பெட்ரோலு போவோணும்”னு கார்புரேட்டர்ல ஜெட்ட வேற மாத்துனாரு.

இதுக்குள்ள ஒரு சங்கதி இருக்குதுங்க. வாய்ப்பக்கம் உள்ள கைய விட்டீங்கன்னா குட்டியா ஒரு கொழாய் தட்டுப்படும். பாய் இங்கிலீசுல என்னமோ பேரு சொல்லுவாரு, நான் கட்டைம்பன். சத்தத்தக் கொறைக்கறதுக்கு வெக்கறது. ஒரே ஒரு போல்ட்டுலதான் நிக்கும். நான் என்ன பண்ணுவன், தாராபுரம் டவுனுக்குள்ள போலீசு நிப்பாங்கல்ல, அங்க மட்டும் கட்டையச் சொருகிக்குவன். டவுனத் தாண்டுனதும் புளியமரத்தடியில நிறுத்திக் கழட்டி, லேக்டோமீட்டரு வெச்சிருக்கற பையிலயே போட்டுக்குவன். தெனமும்.

மொதல்ல ஸ்டார்ட் பண்ணுனமுங்களா, கட்டையில்லாம. பக்கத்துக் கடை தையக்காரர் மிசின நிறுத்திட்டு வெளிய ஓடியாந்துட்டாரு. கரண்டுக் கம்பியில இருந்த காக்கா அத்தனையும் பறந்துருச்சு. ஆக்சிலேட்டர விட்டா டமார் டமார்னு பட்டாசு வேற. சலாம் பாய் காதப் பொத்திட்டு “போதுமாண்ணே?”ன்னாரு. என்ற நெஞ்சுக்குள்ளயே அடிச்சுதுங்க அந்தச் சத்தம். இந்தப் பாருங்க, கெண்டைக்கால்ல தழும்பு. அன்னைக்கே எறங்கறப்பச் சுட்டுப்போட்டது. எரிச்சல் தெரியலையே எனக்கு!

அதுக்கப்பறம் வந்துச்சு பாருங்க மரியாதை.

தம்பி, நான் பொய் சொல்லல. நொச்சிவலசு முக்குல நான் திரும்பறப்பவே மூணு மைலுக்கு அக்கட்ட கரட்டுவலசுக்காரங்களுக்குக் கேட்டுருமுங்க. நான் போயி எறங்கறதுக்குள்ள ஊரே தயாரா நிக்கும். சென்டர் வாசல் கூட்டித் தண்ணி தெளிச்சிருக்கும். கேனெல்லாம் வரிசையா வாசல்ல, மூடியத் தொறந்து, “பாத்துக்குங்க”ன்னு. சேரப் போட்டுத் தொடச்சு வெச்சிருப்பாங்க. டீ ஆவி பறக்க இருக்கும். நேத்து வரைக்கும் பூனைன்னவன் “சூப்பர்வைசரய்யா வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல டீயக் குடிங்க”ங்கறான். ஒம்போது ஊரும் அப்படித்தான்.

ஊட்டுலயும் அதே கதைதான். முந்தியெல்லாம் நான் போறப்ப வசந்தாமணி, என்ற ஊட்டுக்காரி, போனுல அவங்கம்மாகூட மணிக்கணக்கா நாயம் பேசிட்டிருப்பா. இப்ப நான் வாசல்ல நிக்கறப்பப் போன் சார்ஜுல கெடக்கும், மகள் மேசையில புஸ்தகத்தோட உக்காந்திருப்பா. ஒரு சத்தம் ஒரு குடும்பத்தையே திருத்திருச்சுங்க.

பால்? அதச் சொல்லலையே! எந்த ஊர்ல குச்சிய விட்டாலும் இருபத்தெட்டு. இருபத்தெட்டரை. ஆறு மாசம் ஒரு கேனு திருப்பலைங்க நான். திருப்பறதுக்கு வேலையே இல்ல. மனுசனுக்குப் பயம் வந்தா நேர்மை தானா வந்துருது பாருங்க. கம்பெனியில கேடயம் குடுத்தாங்க, “தரமான பால், சிறந்த மேற்பார்வை”ன்னு. ஊட்டுல டிவி மேல வெச்சிருக்கறன்.

இங்கதானுங்க வந்துச்சு வெனை. புதுசா ஒரு மேனேஜரம்மா வந்தாங்க. நாசரேத்துப் பக்கம், ஜெசிந்தான்னு பேரு. வந்த வாரமே என்னயக் கூப்பிட்டு, “அண்ணாச்சி, உங்க நோட்டுல எல்லா ஊரும் இருபத்தெட்டு. அதே பாலு இங்க வந்து எறங்கும்போது இருபத்திமூணு. வழியில என்ன நடக்கு?”ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்ற குச்சி பொய் சொல்லாது. என்ற ஊர்க்காரங்க என்னய ஏமாத்த மாட்டாங்க, அத்தன மரியாதை வெச்சிருக்கறவங்க. அப்ப ஊருக்கும் கம்பெனிக்கும் நடுவுல யாரு? பால் வண்டி. பால் வண்டியில யாரு?

எழுதிக் குடுத்துட்டனுங்க. “வழியில் தண்ணீர் கலக்கப்படுவதாகச் சந்தேகிக்கிறேன்”னு. மாப்பிள்ளைன்னு பாக்கல. கடமைன்னு நெனச்சன். அப்படித்தான் அன்னைக்கு எனக்கு நானே சொல்லிக்கிட்டன். ஆனா உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது, எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. எழுதறப்ப அந்த ஹாரன் சத்தம் என்ற காதுல கேட்டுச்சுங்க. தர்மகர்த்தா துண்டு போட்டது கண்ணுல தெரிஞ்சுது.

அப்புக்குட்டிய வண்டிய விட்டு எறக்கிட்டாங்க. மறுநாளே என்ற தங்கச்சி கோகிலவாணி வந்துட்டா, ரெண்டு வயசுக் கொழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு. கரட்டுவலசுலதான் அவளக் குடுத்திருக்குது, என்ற ரூட்டுல இருக்கற ஊருதான். வாசப்படி ஏறல. “ண்ணா, நீ உன்ற வண்டியில எங்கூருக்கு வர்றப்ப, சத்தம் கேட்டதும் சென்டர்ல என்ன நடக்குதுன்னு ஒரு நாளாவது வந்து பாத்திருக்கறயா?”ங்கறா. என்ன கேள்விங்க இது? சத்தம் கேக்குதுன்னா நான் வந்துட்டிருக்கறன்னுதான் அர்த்தம். வந்துட்டிருக்கறவன் அங்க முன்னாலயே நின்னு எப்படிப் பாப்பான்? அதயே சொன்னன். தலையில அடிச்சுக்கிட்டா.

“புருசன் மேல பாசம் இருக்க வேண்டியதுதான் அம்மிணி, அதுக்காவ ஊர்க்காரங்க மேல பழி போடாத”ன்னு புத்தி சொன்னன். அவ அழுவல. அழுதிருந்தாக் கூடப் பரவால்லைங்க. “பாப்பாவுக்கு மாசி மாசம் காது குத்தறம். உன்ற மடி வேண்டாம். பூசாரி மடியில வெச்சுக் குத்திக்கறம்”னு சொல்லிப்போட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டா.

எங்கப்பன் போறப்ப அவளுக்கு ஆறு வயசுங்க. நாந்தான் இஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போனன். நாந்தான் கண்ணாலம் பண்ணி வெச்சன். பாப்பா பொறந்தப்ப மொதல்ல என்ற கையிலதான் குடுத்தாங்க. அந்தப் புள்ளைக்குக் காது குத்தறப்பப் பூசாரி மடி! அவரு நல்ல மனுசன்தான், ஆனா எந்நேரமும் பொடி போடுவாருங்க. புள்ள தும்மித் தும்மியே ஊசி வெலகிப் போயிரும். ரெண்டு மாசம் நான் சரியாத் தூங்கலைங்க. டீ குடுத்தா டீ கசக்குது. அந்தச் சேர்ல உக்காந்தா முள்ளு மேல உக்காந்த மாதிரி இருக்குது.

வேற டிரைவரப் போட்டும் பாலு அதே இருபத்திமூணுதானாம், கோகிலா அதப் புடிச்சுக்கிட்டு மேனேஜரம்மாகிட்டப் போயிருக்கறா. எனக்குத் தெரியாது. போன வாரம் வெடியால நான் ஆபீசுல வண்டிய எடுக்கப் போறன், மேனேஜரம்மா, “அண்ணாச்சி, அது நிக்கட்டும். இன்னைக்கு என் வண்டியில வாங்க”ங்கறாங்க. அவங்க வண்டி கரண்டு ஸ்கூட்டருங்க. சார்ஜு போட்டு ஓட்டறது. ஓடுதா நிக்குதான்னே தெரியாது. அந்தம்மா ஓட்டறாங்க, நான் பொறத்தால உக்காந்து அவங்க ஹேண்ட்பேக மடியில வெச்சுப் புடிச்சுட்டிருக்கறன். எனக்கு எப்படி இருந்திருக்கும்! வழியில பாத்தவங்களுக்குக் கூட நான்னு தெரியல. அது ஒண்ணுதான் ஆறுதல்.

மொதல்ல கரட்டுவலசு. சென்டர் வாசல்ல தண்ணி தெளிக்கல, சேரில்ல. உள்ள போறம். சென்னியப்பன், சென்டர்க்காரரு, எங்களுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கறாரு. கையில ஓஸ் பைப்பு. பைப்பு முனை கேனுக்குள்ள இருக்குது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பாமயே சொல்றாரு, “அட, எதுக்கு அவசரம்? இன்னும் சத்தமே கேக்கலையே!”

மேனேஜரம்மா என்னயத் திரும்பிப் பாத்தாங்க. “எந்தச் சத்தம், அண்ணாச்சி?”

“என்ற வண்டிச் சத்தமுங்க மேடம்.” எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. வெடியால எந்திரிச்சதுல இருந்து என்ற சத்தத்துக்குத்தான் காதக் குடுத்துட்டு நிக்கறாரு பாருங்க அந்த மனுசன்.

அன்னைக்கு ஒம்போது ஊர்ல ஏழு ஊர்ல தண்ணிங்க. ஓட்டுக் கொட்டாய்க்குப் பின்னால பத்துப் பதினஞ்சு கேனு தனியா. வாசல்ல வெக்கறதுக்குன்னு நாலு நல்ல கேனு. பின்னால இருந்த கேனுல குச்சிய விட்டா பொதக்குன்னு முங்குது. மேனேஜரம்மா ஆபீசுக்கு வந்து, “நாளைக்கே அப்புக்குட்டிய வண்டிக்கு வரச் சொல்லுங்க. நீங்க அந்தச் சைலன்சரக் கழத்துங்க. இல்லைன்னா வேலையக் கழத்திருவேன்”ன்னாங்க.

நான் விட்டுக்குடுக்கலைங்க. “மேடம், யோசிச்சுப் பாருங்க. ஆறு மாசம் சத்தத்தோட போனன், எல்லாம் இருபத்தெட்டு. ஒரே ஒரு நாளு சத்தமில்லாமப் போனம், ஏழு ஊரு கெட்டுப்போச்சு. அப்ப சத்தம் இருக்கறது நல்லதா, இல்லாம இருக்கறது நல்லதா?”ன்னு கேட்டன். அந்தம்மா காயிதத்த எடுத்து ஊரு, கேனு, பால் வண்டின்னு படமெல்லாம் போட்டுக் காட்டுனாங்க. அம்புக்குறியெல்லாம் போட்டாங்க. பாதி வரைக்கும் புரியுதுங்க. அந்தச் சத்தம் வர்ற எடத்துலதான் எனக்குப் பிடிபடமாட்டேங்குது.

ஏனுங்க சிரிக்கறீங்க? இருமலா? செரி.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு நல்லாப் பிடிபட்டுதுங்க. மாப்பிள்ளை ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல. நான் எழுதுனது பொய். அவரு ரெண்டு மாசம் யாரோ ஊட்டுக்கு லோடு ஏத்தப் போயிட்டிருந்தாரு, என்ற ஒரு காயிதத்தால. அதுக்குப் படம் போட்டு வெளக்க வேண்டியதில்லைங்க.

நேத்து ஊட்டுக்காரி சீர்த்தட்டெல்லாம் எடுத்துட்டு முன்னாலயே கரட்டுவலசுக்குப் போயிட்டா. “நான் கேட்டுப் பாக்கறன், நீங்க போன் வர்ற வரைக்கும் வராதீங்க”ன்னுட்டுப் போனா. அந்திக்குப் போன் வந்துச்சு. வசந்தாமணின்னு நெனச்சு எடுத்தா கோகிலா. ரெண்டு மாசங்கழிச்சு அவ கொரலக் கேக்கறன். நலமான்னு கூடக் கேக்கல. “ண்ணா, உன்ற வண்டிச் சைலன்சரக் கழட்டி எடுத்துட்டு வந்து என்ற கண்ணுல காட்டு. அதுக்கப்பறம் மடியப் பத்திப் பேசலாம்”னா. வெச்சுட்டா.

ஓடுனனுங்க சலாம் பாய்கிட்ட. கழட்டறதுக்கு அவருக்குப் பத்து நிமிசம் ஆகல. மாட்டறப்ப மூணு ஞாயித்துக்கெழமை, கழட்டறப்பப் பத்து நிமிசம். பழசப் போடறதுக்குக் கேஸ்கட்டு இல்ல, வண்டி அங்கயே நிக்குது. பாய் சாக்குல சுத்திக் குடுக்கறப்ப, “அண்ணே, நான் அன்னைக்கே கேட்டேன்ல?”ன்னாரு. எல்லாருக்கும் என்னமோ தெரிஞ்சிருக்குது தம்பி. எனக்கு மட்டும் யாரும் நேராச் சொல்ல மாட்டேங்கறாங்க.

உங்களத்தான் கேக்கறன். நீங்க படிச்சவராட்டம் இருக்கறீங்க, ஒரு பக்கமும் சாயாமச் சொல்லுங்க. அந்தச் சென்னியப்பன், “இன்னும் சத்தமே கேக்கலையே”ன்னு சொன்னாரல்ல. அது மரியாதைதானுங்களே? டீயெல்லாம் போட்டுக் குடுத்தாரே. ஒம்போது ஊர்லயும் எந்திரிச்சு நின்னாங்களே.

மறுபடியும் இருமலா? செரி விடுங்க.

இதைய அவகிட்டக் காட்டறப்ப என்ன பண்ணுவாளோ. கெணத்துல போடுன்னாலும் போட்டிருவன். ஆனா எனக்கொரு யோசனை, மாப்பிள்ளை பால் வண்டிக்கு இதச் சேத்து வெல்டு வெச்சா எப்படி இருக்கும்? வேண்டாமுங்களா? வேண்டாம்னா வேண்டாம். பாப்பாவுக்குச் சத்தமே ஆகாதுங்க. என்ற வண்டி வந்தா காதப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிப்போவா. என்னமோ தெரியல, அதுக்கு மட்டும் எனக்குச் சங்கடமா இருக்கும்.

என்னது, பிரிவா? அதுக்குள்ளயா! எறங்கோணும், எறங்கோணும், சித்தெ காலத் தள்ளுங்க. இந்தப் பக்கம் சன்னல்ல பாத்துச் சொல்லுங்க, வெளிய யாராச்சும் நிக்கறாங்களா? பச்சச் சீலையா? இடுப்புல கொழந்தையா?

கோகிலாங்க! கோகிலா நிக்கறா!

நான் எந்த பஸ்ஸுன்னு சொல்லவே இல்லைங்க. வண்டியுமில்ல, சத்தமுமில்ல. நான் வர்றது அவளுக்கு எப்படிங்க தெரிஞ்சுது? வெயில்ல எத்தன பஸ்ஸுக்கு நின்னுட்டிருக்கறாளோ. தம்பி, எனக்குக் கண்ணு மறைக்குது, படி எங்க இருக்குது? இருங்க கண்டக்டரு, எறங்கிட்டன், எறங்கிட்டன்!

கோகிலா, இந்தா பாத்துக்க அம்மிணி, கழட்டிட்டன், கண்ணாலப் பாத்துக்க. பாத்துட்டயா? பாப்பா, மாமன்கிட்ட வர்றயா? கைய நீட்டறா பாரு! இரு கண்ணு, இரு சாமி, மாமன் கையில இது இருக்குது. ஏனுங்க தம்பி! சன்னல் வழியா இதச் சித்தெ புடிங்க! ரெண்டு கையும் வேணுமுங்க எனக்கு! ஆங், புடிச்சுக்கிட்டீங்களா? வா கண்ணு, வா.

ஐயோ, விசிலடிச்சுட்டாரே! வேண்டாம் தம்பி, நிறுத்தச் சொல்லாதீங்க! போவட்டும் விடுங்க! அவ பாத்துட்டா, அது போதும்! உங்க வண்டிக்குச் சேரும், நீங்களே வெச்சுக்குங்க! தம்பி, ஒண்ணே ஒண்ணு, மறந்துராதீங்க! மாட்டறப்ப உள்ள இருக்கற கட்டையக் கழட்டிருங்க! அப்பத்தானுங்க ஆளு வர்றது ஊருக்குத் தெரியும்!